செட்டிநாட்டு வீடுகளைப் பள்ளிப் பிள்ளைகள் வரைவது: எங்கிருந்து தொடங்கலாம்?

சித்திரத்தாள்

அனைவருக்கும் வணக்கம். சிவகங்கை மாவட்டத்தில் ஓர் அரசு உயர்நிலைப் பள்ளியில் ஓவிய ஆசிரியையாகப் பணிபுரிகிறேன். எங்கள் பள்ளியைச் சுற்றியுள்ள தெருக்களில் பழைய நகரத்தார் வீடுகள் வரிசையாக நிற்கின்றன. அவற்றுள் பல ஆண்டு முழுவதும் பூட்டியே கிடக்கின்றன. கல்யாணத்துக்கோ, முன்னோரை வழிபடும் படைப்புக்கோ உறவினர்கள் கூடும்போது மட்டும் திறக்கப்படுகின்றன. பிள்ளைகள் அந்தத் தெருக்களின் வழியாகத்தான் நாள்தோறும் பள்ளிக்கு வருகிறார்கள். ஆனால் "பாரம்பரியக் கட்டடம் ஒன்றை வரையுங்கள்" என்றால், வகுப்பு முழுவதும் தஞ்சைப் பெரிய கோயிலின் விமானத்தையோ மாமல்லபுரத்துக் கடற்கரைக் கோயிலையோ ஏதோ ஓர் அச்சுப் படத்தைப் பார்த்து வரைந்து தருகிறது. விமானத்துக்குப் பின்னால் இரண்டு மலைகள், நடுவில் ஒரு சூரியன், மேலே நான்கு பறவைகள். தாம் கடந்து வரும் வீட்டின் நிலைக்கதவை ஒரு பிள்ளைகூட வரைவதில்லை.

இந்தப் பருவத்தில் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளைத் தெருவுக்கே அழைத்துச் சென்று, நேரில் பார்த்து வரையச் செய்ய விரும்புகிறேன். தலைமையாசிரியர் ஒப்புதல் தந்துவிட்டார். பிள்ளைகளிடம் பரீட்சை அட்டையும் பென்சிலும் ஏ4 தாளும் இருக்கின்றன. அதற்கு மேல் செலவு செய்ய வழியில்லை. எதை வரையச் சொல்வது, எவ்வளவு நேரம் தருவது, வரைந்த பிறகு அந்தப் படங்களை என்ன செய்வது என்பவற்றில் அனுபவமுள்ளவர்கள் வழிகாட்டினால் நன்றியுடையவளாக இருப்பேன்.

கோட்டுரு

வணக்கம் அம்மா. கட்டடக் கலை பயிற்றுவிப்பவன் என்ற முறையில் எழுதுகிறேன். முதல் நாளே முழு வீட்டையும் வரையச் சொல்லாதீர்கள். செட்டிநாட்டு வீடு ஒரு தெருவில் தொடங்கி மறு தெருவில் முடிவது. முகப்பு, வளவு (திறந்த முற்றமும் அதைச் சுற்றிய பகுதியும்), இரண்டாங்கட்டு, அடுப்படி என்று பின்னோக்கி நீண்டுகொண்டே போவது. எதிரே நின்றால் கண்ணில் படுவது அதன் முகம் மட்டுமே. அந்த முகத்தை ஒரு தாளுக்குள் அடக்க முயலும் பிள்ளை, பத்து நிமிடத்துக்குள் தளர்ந்துபோய்த் தனக்கு ஏற்கெனவே தெரிந்த "வீடு" படத்தைப் போட்டுவிடும். நீங்கள் குறிப்பிட்ட மலையும் சூரியனும் அப்படித்தான் வந்து சேர்கின்றன.

பழைய அழைப்பிதழ் அட்டையின் நடுவில் தீப்பெட்டி அளவுக்கு ஒரு சதுரத் துளை வெட்டிப் பிள்ளைகளிடம் கொடுங்கள். அதை ஒரு கண்ணுக்கு முன்னால் பிடித்து, துளைக்குள் தெரிவதை மட்டும் வரையட்டும். ஒருவருக்குத் தூணின் மேல் அமர்ந்திருக்கும் போதிகை கிடைக்கும். இன்னொருவருக்கு ஓட்டுச் சரிவின் விளிம்பு கிடைக்கும். வேறொருவருக்கு நிலைக்கு மேலே சுதையில் (சுண்ணாம்புச் சாந்துச் சிற்பமாக) அமர்ந்திருக்கும் கஜலட்சுமியின் பக்கத்தில் நிற்கும் யானையின் துதிக்கை மட்டும் கிடைக்கும். அது போதும். ஒரு போதிகையை முக்கால் மணி நேரம் பார்த்த பிள்ளைக்கு, தூண் ஏன் மேலே விரிகிறது என்ற கேள்வி தானாகவே எழும். உத்திரத்தின் பாரம் தூணின் தலையில் ஒரே இடத்தில் இறங்காமல் பரவி இறங்குவதற்காகத்தான் அந்த விரிவு என்பதை நீங்கள் சொல்லிக்கொடுக்க வேண்டியதே இல்லை. படத்தைக் காட்டி இரண்டு கேள்விகள் கேட்டால் பிள்ளையே சொல்லிவிடும்.

அளவெடுப்பதற்கு டேப் தேவையில்லை. பன்னிரண்டு விரல் ஒரு சாண், இரண்டு சாண் ஒரு முழம் என்ற கணக்கைச் சொல்லிக் கொடுத்துவிட்டு, திண்ணையின் உயரம் எத்தனை சாண், தூணின் சுற்றளவு எத்தனை சாண் என்று அவரவர் கையால் அளந்து படத்தின் ஓரத்தில் எழுதச் சொல்லுங்கள். ஒவ்வொருவருக்கும் வேறு வேறு எண் வரும். அந்த வேறுபாட்டை அடுத்த கணக்கு வகுப்பில் வைத்துப் பேசலாம்.

இன்னொன்று. வீட்டுக்காரர் உள்ளே அனுமதித்தால், தலைவாசலில் பிள்ளைகளை உட்கார வைத்து நேரே உள்ளே பார்க்கச் சொல்லுங்கள். பெரும்பாலான வீடுகளில் வாசல்கள் ஒரே கோட்டில் அமைந்திருப்பதால், கதவுக்குள் கதவாகப் பின்வாசல் வெளிச்சம் வரைக்கும் தெரியும். கண்ணுக்குத் தொலைவில் இருப்பது சிறுத்துத் தெரியும் என்ற பாடத்தைக் கரும்பலகையில் கோடு போட்டு விளக்குவதைவிட, அந்த வாசல் வரிசை நன்றாக விளக்கிவிடும்.

பிள்ளையின் தந்தை

எட்டாம் வகுப்பு மாணவியின் தந்தை என்ற முறையில் கேட்கிறேன். தவறாக எண்ண வேண்டாம். இப்போது எல்லார் கையிலும் கைப்பேசி இருக்கிறது. ஒரு நிமிடத்தில் நூறு படம் எடுத்துவிடலாம். பாட நேரத்தை எடுத்துக்கொண்டு, வெயிலில் உட்கார்ந்து, சரியாகவும் வராத படத்தை வரைவதால் பிள்ளைக்கு என்ன கிடைக்கப் போகிறது? ஆவணம்தான் நோக்கம் என்றால் படமெடுப்பது போதாதா?

வெள்ளாற்றங்கரை

ஐயா கேட்டிருப்பது நியாயமான கேள்வி. விரிவாகவே பதில் சொல்ல வேண்டும். புதுக்கோட்டைப் பக்கம் வரலாறு கற்பிப்பவன் நான்.

முதலில் ஒளிப்படத்தின் பக்கம் உள்ள நியாயத்தைச் சொல்லிவிடுகிறேன். 1858இல் லின்னேயஸ் டிரைப் என்ற படை அதிகாரி தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் அடிப்பகுதியில் ஓடும் கல்வெட்டுகளை அடுத்தடுத்துப் படம்பிடித்து, அவற்றை ஒட்டி ஒரே நீண்ட சுருளாக ஆக்கினார். கையால் அதைச் செய்திருந்தால் எவ்வளவோ பிழைகள் புகுந்திருக்கும். ஆகவே, எழுத்தையும் விரிசலையும் பதிவு செய்வதற்குக் கேமராவை ஒதுக்கிவிட வேண்டும் என்று யாரும் சொல்ல மாட்டார்கள்.

ஆனால் வரைந்த படத்தின் மதிப்பைக் காட்ட அமராவதியைத்தான் சொல்ல வேண்டும். கிருஷ்ணா நதிக் கரையிலிருந்த அந்தப் பௌத்தத் தூபியின் சிற்பப் பலகைகள், உள்ளூர்க் கட்டுமானங்களுக்குக் கல்லாக எடுத்துச் செல்லப்பட்டன. பல சுண்ணாம்புக்காக எரிக்கப்பட்டன. காலின் மெக்கன்சியின் நில அளவைக் குழுவைச் சேர்ந்த வரைவாளர்கள் 1816 முதல் அங்கே தங்கி, எஞ்சியிருந்த பலகைகளை ஒவ்வொன்றாக அளந்து வரைந்தார்கள். அப்போது கேமரா கிடையாது. அவர்கள் வரைந்த பலகைகளுள் சில பின்னர் காணாமலே போய்விட்டன; அவற்றைப் பற்றி இன்று நமக்குத் தெரிவதெல்லாம் அந்தத் தாள்களில் இருப்பது மட்டுமே. எஞ்சியவற்றுள் பெரும்பாலானவை சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்திலும் லண்டனிலும் இருக்கின்றன. பிள்ளைகளை எழும்பூருக்கு அழைத்துப் போகும் வாய்ப்பு வந்தால் அந்தக் கூடத்தைத் தவறாமல் காட்டுங்கள்.

நம் செட்டிநாட்டு வீடுகளும் இன்று அதே நிலையில்தான் இருக்கின்றன. பர்மாவிலும் மலேயாவிலும் இலங்கையிலும் வட்டித் தொழில் செய்து ஈட்டிய பொருளில் எழுந்தவை அவை. 1942இல் ஜப்பானியப் படை பர்மாவைக் கைப்பற்றியபோது அந்த வருவாய் அற்றுப்போனது. 1948க்குப் பிறகு அங்கிருந்த நிலங்களும் கைவிட்டுப் போயின. பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் பல ஊர்களுக்குப் பிரிந்துவிட்ட குடும்பங்களால் அவ்வளவு பெரிய வீட்டைப் பேண முடிவதில்லை. ஆகவே வீடு பிரிக்கப்படுகிறது. தேக்குத் தூண்களும் நிலைகளும் லாரியில் ஏறுகின்றன. செட்டிநாட்டு ஊர்த் தொகுதிகள் 2014 முதல் உலகப் பாரம்பரியக் களங்களாக அறிவிக்கப் பரிசீலிக்கத் தக்கவை அடங்கிய யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் இருக்கின்றன. பட்டியலில் பெயர் இருப்பதால் மட்டும் ஒரு வீடு பிரிக்கப்படாமல் நின்றுவிடாது.

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன். நூறு படம் எடுத்த பிள்ளையிடம் மறுநாள், "அந்த வீட்டுத் தூண் உருளையா, சதுரமா?" என்று கேட்டுப் பாருங்கள். கைப்பேசியைத் திறந்துதான் பதில் சொல்லும். வரைந்த பிள்ளை கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிடும். படம் சரியாக வராமல் போகலாம்; பார்த்தது வீண்போகாது.

கடுக்காய்ச்சாறு

பழைய கட்டடங்களைச் சுண்ணாம்பு கொண்டு பழுதுபார்க்கும் பணியில் இருக்கிறேன். வரைவதைப் பற்றி மற்றவர்கள் சொல்லட்டும். பிள்ளைகள் எதைத் தொடலாம், எதைத் தொடக் கூடாது என்பதை நான் சொல்லியாக வேண்டும்.

செட்டிநாட்டுச் சுவர்களின் பளபளப்பைப் பார்த்து அது பெயின்ட் என்று பிள்ளைகள் நினைப்பார்கள். அது பூச்சு. கிளிஞ்சல் சுண்ணாம்பையும் நுண்மணலையும் பல அடுக்குகளாகப் பூசி, மேலடுக்கைப் பட்டுப்போல் அரைத்துத் தேய்த்துத் தேய்த்து ஏற்றிய மெருகு. கடுக்காய் ஊறிய நீரும் பனைவெல்லமும் முட்டையின் வெண்கருவும் சேர்த்ததாகக் கொத்தனார்கள் சொல்வார்கள். உள்ளங்கையை ஒரு கணம் வைத்துப் பார்த்தால் சில்லென்றிருக்கும். அதை ஒவ்வொரு பிள்ளையும் ஒருமுறை உணரட்டும். அதன்பின் கை வைக்க வேண்டாம். கையிலுள்ள எண்ணெயும் வியர்வையும் அந்த மெருகில் கறையாகத் தங்கிவிடும்.

ஓவிய வகுப்புகளில் தாளை வைத்துக் கிரேயானால் தேய்த்துப் படியெடுப்பதை விரும்பிச் செய்கிறார்கள். பிள்ளைகளுக்கு அது மிகவும் பிடிக்கும் என்பது உண்மைதான். ஆனால் சுதைச் சிற்பத்திலும், வண்ணம் பூசிய மரத்திலும், சுண்ணாம்புச் சுவரிலும் ஒருபோதும் செய்யக் கூடாது. உதிரும் நிலையிலுள்ள பூச்சு ஒரு தேய்ப்பிலேயே விழுந்துவிடும். மெல்லிய தாளில் மெழுகு ஊறி இறங்கிவிட்டால் பிறகு எடுக்க முடியாது. கல்வெட்டுகளில் செய்யவே வேண்டாம். கல்வெட்டுக்கு மைப்படி எடுப்பது தனிப் பயிற்சி; தாளை நனைத்து, தூரிகையால் தட்டி எழுத்தின் பள்ளத்தில் பதித்து, ஓரளவு உலர்ந்த பிறகே மையை ஒற்றுவார்கள். ஆசை தீரத் தேய்த்துப் பார்க்கட்டும் என்றால், பள்ளி வளாகத்திலுள்ள கருங்கல் படியும் வார்ப்பிரும்புக் கம்பிக் கதவும் போதும்.

தரையை மறந்துவிடாதீர்கள். ஆத்தங்குடிக் கல் செய்வதை நேரில் பார்க்க வாய்ப்பிருந்தால், வீட்டுக்குப் போவதற்கு முன்பே பட்டறைக்கு அழைத்துப் போங்கள். கண்ணாடித் தகட்டின் மேல் சட்டத்தை வைத்து, அதற்குள் பூ வடிவத்திலுள்ள தகர அச்சை இறக்கி, ஒவ்வோர் அறையிலும் வெவ்வேறு நிறச் சிமென்ட் குழம்பை ஊற்றுவார்கள். அச்சை நிதானமாகத் தூக்கியதும் நிறங்கள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு, கலந்துவிடாமல் நிற்கும். அதன்மேல் உலர்ந்த மணலும் சிமென்டும் தூவி, ஈரத்தை உறிஞ்ச விட்டு, பிறகு கலவையைப் பரப்பி அழுத்துவார்கள். காய்ந்தபின் தண்ணீரில் ஊற வைத்து எடுப்பார்கள். சூளை கிடையாது. கண்ணாடியைப் பிரித்ததும் தெரியும் பளபளப்பு அந்தக் கண்ணாடி தந்ததுதான். முகம் கீழே இருக்க, முதுகுப் பக்கத்திலிருந்து செய்யப்படும் பொருள் அது என்பது பிள்ளைகளைப் பெரிதும் வியக்க வைக்கும்.

பட்டறையைப் பார்த்துவிட்டு வந்து, சதுரத் தாளில் ஒரு மூலையில் மட்டும் கால்பங்குப் பூவை வரையச் சொல்லுங்கள். நான்கு பிள்ளைகளின் தாள்களை அந்த மூலைகள் சேரும்படி வைத்தால் முழுப் பூ வரும். ஒருவர் தாளை மட்டும் திருப்பி வைத்தால் வேறொரு கோலம் வரும். வகுப்பறைத் தரை முழுவதும் பரப்பி, ஒரு தரையையே உருவாக்கிவிடலாம்.

சுமைதாங்கி

மேலே எழுதியவர்கள் எல்லாரும் பெரிய வீட்டைப் பற்றியே எழுதியிருக்கிறார்கள். வகுப்பில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளில் எத்தனை பேருடைய பாட்டன் பாட்டி அந்த வீடுகளின் முன்வாசல் வழியாக உள்ளே போயிருப்பார்கள் என்று யாராவது யோசித்தீர்களா? என் தாத்தா அத்தகைய வீடு ஒன்றில் வெள்ளையடிக்கும் வேலைக்குப் போனவர். பின்வாசல் வழியாக நுழைந்து, பின்வாசல் வழியாகவே திரும்பி வந்திருக்கிறார். வளவின் அழகை அவர் எங்களுக்குச் சொன்னதும் உண்டு. வேலை இல்லாத நாளில் திண்ணையில் உட்கார முடியாததைச் சொன்னதும் உண்டு.

இந்த வீடுகளை வரைய வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அவற்றை மட்டும் பாரம்பரியம் என்று சொல்லிப் பிள்ளைகளை அவற்றின் முன்னால் மட்டும் உட்கார வைத்தால், தன் தெருவில் வரையத் தகுந்தது ஏதும் இல்லை என்ற எண்ணம் ஒரு பிள்ளையின் மனத்தில் பதிந்துவிடும். அந்த எண்ணத்தைப் பள்ளிக்கூடம் விதைக்கக் கூடாது.

ஊருணியை வரையச் சொல்லுங்கள். மழைநீர் எந்தத் தெருவிலிருந்து எந்த வாய்க்கால் வழியாக வந்து சேர்கிறது, படித்துறைக் கற்கள் எப்படி அடுக்கப்பட்டிருக்கின்றன, குடிக்கும் நீருக்கும் குளிக்கும் நீருக்கும் தனித்தனி இடம் இருந்ததா என்று கேட்டு வரையட்டும். சாலையோரச் சுமைதாங்கிக் கல்லை வரையட்டும். இரண்டு கற்களை நிறுத்தி, மேலே ஒரு கல்லைக் கிடத்தியிருப்பார்கள்; அவ்வளவுதான் கட்டடம். தலைச்சுமையோடு நடப்பவர் யார் உதவியும் இல்லாமல் சுமையை இறக்கி வைத்து, பிறகு தானே ஏற்றிக்கொண்டு போகும் உயரத்தில் அது இருக்கும். கருவுற்ற நிலையில் இறந்துபோன பெண்ணின் நினைவாக அதை நிறுவுவது வழக்கம். அந்த உயரத்தை ஒரு பிள்ளை தன் தோளோடு ஒப்பிட்டுப் பார்த்து வரைந்தால், மாளிகையிலிருந்து கற்றுக்கொள்வதற்குக் குறைவாக எதையும் கற்றுக்கொள்ளாது. சந்தைப் பேட்டை, பழைய பள்ளிவாசல், மாதா கோயில், ஓட்டுக் கூரை போட்ட உங்கள் பள்ளிக்கூடக் கட்டடம், இவையும் ஊரின் கட்டடங்களே.

நிலைக்கதவு

நான் வீட்டுக்காரன். தேவகோட்டைப் பக்கம் எங்கள் பங்காளிகள் அனைவருக்கும் பொதுவான வீடு ஒன்று இருக்கிறது. சுமைதாங்கி எழுதியதைப் படித்தேன். மறுப்பதற்கு ஏதுமில்லை. அந்தத் தாத்தா வெள்ளையடித்த வீட்டில் அவர் பேத்தியோ பேரனோ முன்வாசலில் அமர்ந்து வரைவது நடக்க வேண்டிய ஒன்று. எங்கள் வீடாக இருந்தால் நானே கதவைத் திறந்து வைப்பேன்.

ஆனால் ஆசிரியை அம்மா சிலவற்றைக் கவனத்தில் கொள்ள வேண்டும். இவை அரசு பாதுகாக்கும் சின்னங்கள் அல்ல, தனியார் வீடுகள். ஒரு வீட்டுக்குப் பல பங்காளிகள் இருப்பார்கள். காவலுக்கு இருப்பவர் சரி என்று தலையசைத்தால் மட்டும் போதாது. பங்காளிகளில் ஒருவரிடமாவது எழுத்தில் ஒப்புதல் பெற்றுவிடுங்கள். சாமி வீட்டுப் பக்கமும் பூட்டிய அறைகளின் பக்கமும் பிள்ளைகள் போக வேண்டாம்.

மற்றொன்று மிக முக்கியமானது. பிள்ளைகள் வரைந்த படங்களை இணையத்தில் போடும்போது வீட்டின் பெயரையும் தெருவையும் எழுதாதீர்கள். பூட்டிக் கிடக்கும் ஒரு வீட்டில் இன்ன நிலை இருக்கிறது, இன்ன வண்ணக் கண்ணாடி இருக்கிறது என்பது தெரியக் கூடாதவர்களுக்குத் தெரிந்துவிடுகிறது. எங்கள் தெருவிலேயே ஆளில்லாத வீடு ஒன்றிலிருந்து மரச் சிற்பங்களைப் பெயர்த்து எடுத்துப் போயிருக்கிறார்கள். கண்காட்சியை ஊருக்குள் வையுங்கள், ஊரார் பார்க்கட்டும்.

சித்திரத்தாள்

அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. சுமைதாங்கி அவர்களின் பதிவைப் படித்த பிறகு திட்டத்தையே மாற்றிவிட்டேன். முதல் நாள் ஊருணியும் படித்துறையும். அடுத்த வாரம் சுமைதாங்கிக் கல்லும் பள்ளிக்கூடத்தின் பழைய கட்டடமும். அதற்குப் பிறகே பெரிய வீடு. அழைப்பிதழ் அட்டைத் துளையைப் பள்ளி வளாகத்தில் பயன்படுத்திப் பார்த்தோம். சும்மா இருக்க மாட்டாத பையன்கள்கூட ஜன்னல் கொண்டி ஒன்றைப் பார்த்து அமைதியாக வரைந்தார்கள்.

இப்போது வேறொரு கேள்வி. இதே பள்ளி வளாகப் பயிற்சியில் கிணற்றடியைச் சுற்றியுள்ள தாழ்வாரத்தை ஒரு மாணவி வரைந்தாள். கிணற்றை மேலிருந்து பார்ப்பதுபோல் வட்டமாகப் போட்டுவிட்டு, சுற்றியுள்ள தூண்களை நான்கு பக்கமும் வெளிப்புறமாகச் சாய்த்துப் படுக்க வைத்திருக்கிறாள். பார்வைக் கோணத்தின்படி அது முற்றிலும் தவறு. ஆனால் எத்தனை தூண், எந்தத் தூணின் அடியில் கல் பெயர்ந்திருக்கிறது, எங்கே வாளி தொங்குகிறது என்பதெல்லாம் துல்லியமாக இருக்கின்றன. பக்கத்தில் இருந்த மாணவன் கோணம் பிசகாமல் அழகாக வரைந்திருக்கிறான். தூணின் எண்ணிக்கை தவறு. மதிப்பெண் போடும்போது யாருக்கு எப்படிப் போடுவது? அவளுடைய படத்தைத் திருத்தலாமா?

கோட்டுரு

திருத்தவே வேண்டாம் அம்மா. அவள் வரைந்தது தவறான படம் என்று நான் சொல்ல மாட்டேன். தரைப்படத்தையும் முகப்புத் தோற்றத்தையும் ஒரே தாளில் போட்டிருக்கிறாள். கிணறு எங்கே இருக்கிறது என்பதற்கு மேலிருந்து பார்ப்பதே சரி. தூண் எப்படி இருக்கிறது என்பதற்கு எதிரே நின்று பார்ப்பதே சரி. இரண்டையும் சொல்ல நினைத்தவள் வேறு என்ன செய்வாள்? பழைய எகிப்தில் நெபாமுன் என்பவரின் கல்லறைச் சுவரோவியத்தில் ஒரு தோட்டக் குளம் இருக்கிறது. குளம் மேலிருந்தும், கரையிலுள்ள மரங்கள் பக்கவாட்டிலிருந்தும் பார்த்தபடி வரையப்பட்டிருக்கின்றன. நாங்கள் அலுவலகத்தில் ஒரே வீட்டுக்குத் தரைப்படம், முகப்புத் தோற்றம், வெட்டுத் தோற்றம் என்று மூன்று தாள்கள் போடுவதும் அதே தேவைக்காகத்தான்.

அவளிடம் அந்த மூன்று தாள்களைக் கொடுங்கள். முதல் தாளில் பறவைக்குத் தெரிவது. இரண்டாவதில் எதிரே நிற்பவருக்குத் தெரிவது. மூன்றாவதில், கட்டடத்தை நடுவில் அறுத்துவிட்டால் உள்ளே என்ன தெரியும் என்பது. பெரிய வீட்டுக்குப் போகும்போது இந்த மூன்றாவது தாள்தான் மிக அதிகமாகப் பேசும். வளவைக் குறுக்காக அறுத்து வரைந்தால், கூரைகள் நான்கு பக்கமிருந்தும் உள்நோக்கிச் சரிவதும், மழைநீர் வானத்துக்குத் திறந்த முற்றத்தில் விழுவதும், வெப்பக் காற்று அதே திறப்பின் வழியே மேலேறி வெளியேறுவதும், திண்ணை தெரு மட்டத்திலிருந்து உயர்ந்திருப்பதும் ஒரே படத்தில் தெரிந்துவிடும். வீடு வெயிலில் எப்படிக் குளிர்ந்திருக்கிறது என்பதை அம்புக்குறியால் காட்டச் சொல்லுங்கள்.

மதிப்பெண்ணைப் பொறுத்தவரை என் கருத்து உறுதியானது: நேரில் பார்த்ததற்கு மதிப்பெண் கொடுங்கள், அழகாக வந்ததற்குக் கொடுக்காதீர்கள். கலைத்திருவிழாப் போட்டிக்கு எந்தப் படத்தை அனுப்புவது என்பது வேறு. இங்கே அந்தப் பையனையும் அந்தப் பெண்ணையும் சேர்த்து உட்கார வைத்து, ஒருவர் படத்தை மற்றவர் கையில் கொடுத்துக் கிணற்றடிக்கு அனுப்புங்கள். அவன் தூண்களை எண்ணிக்கொண்டு வருவான். அவள் தூரத்துத் தூண் சிறுத்துத் தெரிவதைப் பார்த்துக்கொண்டு வருவாள்.

வெள்ளாற்றங்கரை

கோட்டுரு அவர்களோடு ஓரிடத்தில் மாறுபடுகிறேன். பார்த்ததை வரைவதோடு நிறுத்திவிடக் கூடாது. கேட்டதை எழுதவும் வேண்டும். தூணை எத்தனை முறை பார்த்தாலும் அது பர்மாவிலிருந்து கப்பலில் வந்த தேக்கு என்பது தெரியாது. யாராவது சொல்ல வேண்டும். தெருவில் எழுபது வயதைக் கடந்தவர்கள் இருப்பார்கள். கொத்தனார், தச்சர், ஓடு வேய்ந்தவர், கிணறு தூர் வாரியவர் என்று ஒவ்வொரு பிள்ளையும் ஒருவரைத் தேடிப் போய், தான் வரைந்த படத்தைக் காட்டி, "இதை யார் செய்தார்கள்? எதனால் செய்தார்கள்?" என்று இரண்டே கேள்விகள் கேட்கட்டும். கையில் படம் இருந்தால் பெரியவர்கள் தயங்காமல் பேசுவார்கள். வெறுங்கையோடு போய்க் கேட்டால் "என்னத்தைச் சொல்ல" என்று முடித்துவிடுவார்கள். கிடைத்த பதிலைப் பேச்சுத் தமிழிலேயே படத்தின் கீழே எழுதட்டும்.

அந்தப் பேச்சில் சுமைதாங்கியின் தாத்தா சொன்னது போன்றவையும் வரும். அவற்றை வெட்ட வேண்டாம். வீட்டைக் கட்டுவித்தவர் பெயர் சில இடங்களில் முகப்பிலேயே ஆண்டோடு பொறிக்கப்பட்டிருக்கும். சுண்ணாம்பு அரைத்தவர் பெயர் எங்கும் இருக்காது. பிள்ளைகளின் தாளிலாவது அது இருக்கட்டும்.

திருமயம் கோட்டைக்கோ சித்தன்னவாசலுக்கோ அழைத்துப் போக நினைத்தால், அவை 1958ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி மத்தியத் தொல்லியல் துறையின் பொறுப்பில் உள்ள இடங்கள் என்பதை நினைவில் கொள்ளுங்கள். பதினைந்து வயதுக்கு உட்பட்டவர்களுக்கு நுழைவுக் கட்டணம் இல்லை. குழுவாக உட்கார்ந்து வரையப் போகிறோம் என்று முன்கூட்டியே கடிதம் கொடுத்துவிட்டால், அங்குள்ள காவலரோடு வாசலில் நின்று விளக்கம் சொல்ல வேண்டியிராது. சித்தன்னவாசலில் தாமரைக் குளத்து ஓவியம் விதானத்தில் இருக்கிறது; ஏற்கெனவே பெருமளவு மங்கிவிட்டது. அங்கே வாட்டர் கலர் எடுத்துச் செல்லவே வேண்டாம், பென்சில் போதும்.

பிள்ளையின் தந்தை

எல்லாவற்றையும் படித்தேன். என் மகளின் பள்ளியிலும் இதைச் செய்யும்படி ஓவிய ஆசிரியரிடம் கேட்கப் போகிறேன். ஞாயிற்றுக்கிழமையில் செய்வதாக இருந்தால் பெற்றோர் சிலர் துணைக்கு வருவோம்.

கடுக்காய்ச்சாறு

பெற்றோர் துணைக்கு வருவது மிகவும் நல்லது. அதற்கான காரணத்தையும் சொல்லிவிடுகிறேன். பூட்டிக் கிடக்கும் வீடுகளில் பார்ப்பதற்கு உறுதியாகத் தோன்றும் பகுதிகள் உள்ளே அரித்துப் போயிருக்கும். சுண்ணாம்புச் சுவரில் யாராவது சிமென்ட் கொண்டு ஒட்டுப் போட்டிருந்தால், சுவரின் ஈரம் வெளியேற வழியில்லாமல் ஒட்டுக்குப் பின்னாலேயே தேங்கி, பழைய காரையை உப்பி உதிரச் செய்துவிடும். அந்த இடங்களைப் பிள்ளைகள் வரைந்தால் எனக்குப் பெரும் மகிழ்ச்சி. ஆனால் அடியில் உட்கார்ந்து வரையக் கூடாது. சுவரிலிருந்து அதன் உயரத்தில் பாதியளவு தூரமாவது தள்ளி அமரட்டும். சன்னல் மேலுள்ள சுதை வேலைக்கு நேர் கீழே யாரும் நிற்க வேண்டாம். மாடிப்படி வேண்டாம். கைப்பிடிச் சுவரில் சாய வேண்டாம். கிணற்றுக்குக் கம்பி வலை போட்டிருக்கிறதா என்பதை முதல் நாளே ஆசிரியர் போய்ப் பார்த்துவிட வேண்டும்.

விரிசலை வரையும் பிள்ளைகளுக்கு ஒரு வேலை தருகிறேன். விரிசலின் இரு முனைகளும் எந்தக் கல்லில், எந்த ஓட்டின் நேரில் முடிகின்றன என்பதைப் படத்தில் குறித்துத் தேதி போடட்டும். மழைக்காலம் முடிந்த பிறகு அதே இடத்தில் அமர்ந்து மறுபடியும் வரையட்டும். விரிசல் நீண்டிருந்தால் இரண்டு படங்களையும் வீட்டுக்காரரிடம் கொடுங்கள். எங்களைப் போன்றவர்கள் பழுதுபார்க்கும் இடத்துக்குப் போனால் முதலில் கேட்பதே, "இது எப்போதிருந்து இருக்கிறது?" என்பதுதான், பெரும்பாலும் யாருக்கும் பதில் தெரிவதில்லை.

நிலைக்கதவு

இவ்வளவு கவனமாக வருபவர்களுக்கு வீட்டைத் திறந்து விடுவதில் எங்களுக்குத் தயக்கமில்லை. பங்காளிகளிடம் பேசிவிட்டேன். ஒப்புதல் கடிதத்தில் மூன்று செய்திகளை மட்டும் சேர்த்து அனுப்புங்கள்: எத்தனை பிள்ளைகள், உடன் வரும் பெரியவர்கள் யார் யார், எந்தக் கட்டு வரைக்கும் வருவீர்கள். கார்த்திகை மாதத்தில் மழை வலுத்தால் வளவில் நீர் நிற்கும். அதற்கு முன்பே வந்துவிடுவது நல்லது. எங்கள் வீட்டு ஓடுகளை அண்மையில் மாற்றிய கொத்தனார் உள்ளூரில்தான் இருக்கிறார். அன்றைக்கு அவரையும் வரச் சொல்லியிருக்கிறேன். பிள்ளைகளின் கேள்விகளுக்கு என்னைவிட அவர் நன்றாகப் பதில் சொல்வார்.